தேடுவது சாவியை... தொலைவது தூக்கமா?

"கண்ணு முன்னாடியேதான் இருந்திருக்கு, எனக்குத்தான் தெரியலை!"

மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, அதையே வீடு முழுக்கத் தேடுகிறவர்கள் கடைசியில் சொல்லும் வசனம் இது. இந்த அவஸ்தையையே ஒரு பொழுதுபோக்காக்கி, கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் கொடுத்துவிட்டார்கள். படத்துக்குள் ஒளிந்திருக்கும் பொருட்களைக் கண்டுபிடித்து, அதன் மூலம் ஒரு மர்மத்தைத் துப்பறியும் விளையாட்டு! ஏதோ சின்னப் பிள்ளைகள் சமாசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். என்னிடம் வருகிறவர்களில் இதை ஆடுகிறவர்கள் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டிய அம்மாக்கள்தான். துப்பாக்கிச் சத்தம் கிடையாது, ஓட்டம் கிடையாது. கதை இருக்கிறது, ஆற அமரத் தேடலாம். பிடிக்காமல் என்ன செய்யும்?

அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து 'பிக் ஃபிஷ்' கம்பெனி, 2005-ல் 'மிஸ்டரி கேஸ் ஃபைல்ஸ்' என்ற வரிசையை ஆரம்பித்தது. அதில் 2006-ல் வந்த 'ரேவன்ஹர்ஸ்ட்' ரொம்பப் பிரபலம். இங்கிலாந்தில் ஒரு பாழடைந்த மாளிகை. அங்கே எம்மா என்ற பெண்ணின் டைரி பக்கம் பக்கமாகக் கிடைக்கிறது. அவளுக்கு என்ன நேர்ந்தது என்று கண்டுபிடிக்க வேண்டிய துப்பறிவாளர் நீங்கள்தான். ஒவ்வொரு அறையும் அடைசலோ அடைசல். குடை, கத்தரிக்கோல், தவளை என்கிற மாதிரி ஒரு பட்டியல் கொடுத்து, தேடு என்பார்கள். ரொம்பத் திண்டாடினால் 'ஹின்ட்' பட்டனைத் தட்டலாம், இடத்தைக் காட்டிக் கொடுத்துவிடும்.

கண்ணெதிரே இருப்பது ஏன் தெரிவதில்லை? கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். ஏறக்குறைய அந்த அளவு இடத்தைத்தான் நம் கண் ஒரு நேரத்தில் துல்லியமாகப் பார்க்கிறது. மற்றதெல்லாம் மங்கல்தான்! அதனால் கண் வினாடிக்கு மூன்று தடவை போலத் தாவித் தாவிப் பார்க்கிறது. பச்சை இலைகளுக்கு நடுவே ஒரே ஒரு சிவப்புப் பழம் இருந்தால் தேடவே வேண்டாம், பளிச்சென்று தெரிந்துவிடும். பழுப்பு அலமாரியில் பழுப்புச் சாவியைச் சாய்த்து வைத்தால்? ஒவ்வொரு இடமாகக் கண் போய் வந்தாக வேண்டும். விளையாட்டைச் செய்கிறவர்கள் இந்த சூட்சுமம் தெரிந்துதான் படம் வரைகிறார்கள்.

சில வருஷங்களுக்கு முன், அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா வந்தார். ரிடையர்டு டீச்சர்.

"டாக்டர், எனக்கு ஞாபக மறதி ஆரம்பிச்சிடுச்சு. எங்கம்மாவுக்கும் கடைசியில இப்படித்தான் ஆச்சு. வல்லாரை மாத்திரை ஏதாச்சும் எழுதிக் குடுங்க" என்றார். குரலே உடைந்துவிட்டது.

"எதை மறந்தீங்கம்மா?"

"எதையும் மறக்கலை. பையன் கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுத்த ரேவன்ஹர்ஸ்ட்டை மூணாவது தடவையா ஆடறேன். முன்னாடி ஹின்ட்டே இல்லாம முடிச்ச ரூம்ல இப்ப நாலு ஹின்ட் கேட்கிறேன். மூளை மழுங்கிப் போச்சு!"

நான் நாடி பார்த்தேன், நாக்கைப் பார்த்தேன், பேச்சுக் கொடுத்தேன். பேத்தி பிறந்த தேதியிலிருந்து பென்ஷன் பாக்கி வரை அம்மா கணக்காகச் சொன்னார். "எந்தப் பொருள் தெரியலை? எந்த ரூம்ல?" என்று துருவினேன். எல்லாமே இருட்டு அறைகள்! வெளிச்சமான தோட்டத்தில் ஒரு தடங்கலும் இல்லை. ராத்திரியில் எதிரே வரும் வண்டி விளக்கு சிதறித் தெரிகிறதா என்று கேட்டேன். "ஆமா டாக்டர், அதனாலதான் இப்பல்லாம் ஸ்கூட்டர் எடுக்கறதில்லை" என்றார்.

வல்லாரை எழுதவில்லை. கண் மருத்துவரிடம் அனுப்பினேன். இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் கழித்து வந்தவர், "அந்த ரூம் சுவர் நீல நிறம் டாக்டர், இத்தனை நாளா சாம்பல்னு நினைச்சிட்டிருந்தேன்" என்றார். மறதி பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

இதை எல்லா நேயர்களும் கவனிக்க வேண்டும். வழக்கமாக ஆடுகிற விளையாட்டில் திடீரென்று தடுமாறினால், மூளையைச் சந்தேகிக்கும் முன் கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள். புரையாக இருக்கலாம், கண்ணாடி பவர் மாறியிருக்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் எப்படியும் வருஷத்துக்கு ஒரு தடவை விழித்திரையைக் காட்டித்தான் ஆக வேண்டும். இன்னொன்று: படத்தின் ஒரே பக்கத்தில் இருக்கும் பொருட்கள் மட்டும் திடீரென்று தெரியாமல் போனால், அது பக்கவாதத்தின் அறிகுறியாக இருக்கலாம். அப்போது சித்த மருத்துவரைத் தேடி வராதீர்கள்! உடனே 108-க்குப் போன் செய்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். மூளை ரத்தக்குழாயின் அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

"அது சரி டாக்டர், இதை ஆடினால் ஞாபக சக்தி வளருமா?" என்று கேட்பீர்கள். பொருளைத் தேடத் தேட, பொருளைத் தேடுவதில் கெட்டிக்காரர் ஆவீர்கள். அதைத் தாண்டி வாக்குறுதி கொடுப்பவர்களிடம் ஜாக்கிரதை. 'லூமாசிட்டி' என்ற மூளைப் பயிற்சி விளையாட்டுகள் முதுமை மறதியைத் தடுக்கும் என்கிற மாதிரி விளம்பரம் செய்ததற்காக, அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் புகார் கொண்டுவந்தது. 2016-ல் அந்தக் கம்பெனி 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. சந்தோஷத்துக்கு ஆடுங்கள். மருந்து என்று நினைத்து ஆடாதீர்கள்.

எங்கள் சித்த மருத்துவத்தில் 'வேகங்கள் பதினான்கு' என்று படிப்போம். பசி, தாகம், தூக்கம், சிறுநீர், மலம், தும்மல், கொட்டாவி, கண்ணீர் என்று உடம்பு தானாகக் கேட்கும் விஷயங்கள். இவற்றை அடக்கக் கூடாது, அடக்கினால் நோய் வரும் என்பது சித்தர்கள் கணக்கு. இந்த விளையாட்டு ஆடுகிறவரைப் பக்கத்தில் இருந்து பாருங்கள். "இந்த ஒரு சாவி மட்டும்" என்று பாத்ரூம் போவதைத் தள்ளிப் போடுவார். அடுப்பில் குழம்பு தீயும். கொட்டாவியை வாயைப் பொத்தி விழுங்குவார். மணி பன்னிரண்டாகும். தூக்கத்தை அடக்கினால் தலைக்கனம், கண் சிவப்பு என்று நூல்கள் சொல்கின்றன. மறுநாள் காலையில் கண்ணாடியில் பார்த்தாலே தெரியும்!

கண் சிமிட்டுவதும் அப்படித்தான். சாதாரணமாக நிமிஷத்துக்குப் பதினைந்து இருபது தடவை சிமிட்டுகிற கண், திரையை உற்றுப் பார்க்கும்போது அதில் பாதிகூடச் சிமிட்டுவதில்லை. கண்ணீர்ப் படலம் காய்ந்து, மணல் விழுந்த மாதிரி உறுத்தும். ஒரு அறை முடிந்ததும் எழுந்து ஜன்னல் வழியே தூரத்து மரத்தைப் பாருங்கள், பத்துத் தடவை முழுசாக இமையை மூடித் திறங்கள். இரட்டைக் கண்ணாடி போடுகிறவர்கள் கீழ்ப்பகுதி வழியாகத் திரையைப் பார்க்கத் தாடையைத் தூக்கித் தூக்கியே கழுத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். தைலம் கேட்டு என்னிடம் வருவதற்கு முன் திரையைத் தாழ்த்தி வையுங்கள். பாதி வலி போய்விடும்.

செல்போனில் வருகிற வகையில் இன்னொரு தொல்லை. 2017-ல் ஜெர்மனியின் பெர்லின் நகரத்திலிருந்து வந்த 'ஜூன்ஸ் ஜர்னி' மாதிரி விளையாட்டுகள் இலவசம்தான். 'எனர்ஜி' தீர்ந்தால் மட்டும் காத்திருக்க வேண்டும், அல்லது காசு கொடுக்க வேண்டும். காத்திருப்பது நல்லது, கண்ணுக்கும் பர்சுக்கும்! பணம் கட்டும் வசதியை பாஸ்வேர்டு போட்டுப் பூட்டச் சொல்லுங்கள். ஆடுவதை நிறுத்தவே முடியாமல் வீடும் வேலையும் கெட்டுப்போகிற நிலையை, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலும் ஒரு கோளாறாகச் சேர்த்திருக்கிறது. அந்த அளவுக்குப் போனவர்கள் மனநல மருத்துவரைப் பார்ப்பதில் வெட்கம் வேண்டாம்.

கண் எரிச்சலுக்கு வீட்டு வைத்தியம் கேட்பவர்களுக்கு: தேன், இளநீர், தாய்ப்பால் எதையும் கண்ணுக்குள் விடாதீர்கள். பொன்னாங்கண்ணியைப் பாசிப்பருப்பு சேர்த்துக் கூட்டாக, வாரம் இரண்டு நாள் சாப்பிடுங்கள். புரையை அது கரைக்காது, ஆனால் சத்தான கீரை. எண்ணெய்க் குளியல் பழக்கம் உள்ளவர்கள் விடாமல் தொடரலாம். குளித்த அன்று ராத்திரி நன்றாகத் தூக்கம் வரும். அன்றைக்காவது எம்மாவின் டைரியை மூடி வையுங்கள். மாளிகை எங்கேயும் போய்விடாது.