மாடல் விமானம் செய்யும் முன் பெயிண்ட் டப்பாவைப் படியுங்கள்

2025 செப்டம்பர் 26 அன்று இந்திய விமானப்படையிலிருந்து விடைபெற்ற மிக்-21 போர் விமானம், 1/72 அளவு பிளாஸ்டிக் மாடலில் ஏறக்குறைய 20 செ.மீ. நீளம்தான் இருக்கும். பாகங்களை வெட்டி, ஒட்டி, பெயிண்ட் அடித்து அதை உருவாக்குவது பொறுமையையும் கைத்திறனையும் வளர்க்கும் அருமையான பொழுதுபோக்கு. இதில் ஆபத்து இருப்பது ஒட்டும் பசையிலும், பூசும் பெயிண்டிலும், பிரஷ் கழுவும் தின்னரிலும். இவற்றிலிருந்து சட்டம் தரும் பாதுகாப்போ பெரும்பாலும் டப்பாவில் அச்சிட்டிருப்பதைப் பொறுத்தே அமைகிறது. அதனால்தான் லேபிளைப் படிப்பதும் பில் வாங்குவதும் இந்தக் கலையின் முதல் பாடமாக இருக்க வேண்டும்.

14 வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். '14+' என்று அச்சிட்டு விற்கப்படும் கிட் இந்த விதிக்குள் வராமல் போகலாம். அதை எட்டு வயதுப் பிள்ளைக்கு வாங்கித் தரும்போது, அந்தப் பாதுகாப்பு இல்லாத பொருளைத்தான் கையில் கொடுக்கிறோம். பெயிண்டிலும் இதே ஓட்டை உண்டு. 2017 நவம்பர் முதல் வீட்டு உபயோக, அலங்காரப் பெயிண்டுகளில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு மேல் இருக்கக் கூடாது. தொழிற்சாலைப் பெயிண்டுகளுக்கு இந்த வரம்பு பொருந்தாது. கப்பலும் லாரியும் இரும்புத் தொட்டியும் வண்ணம் பெறும் வடசென்னையின் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வட்டாரத்தில், வேலையில் மிஞ்சிய பெயிண்ட் வீட்டுக்கு வருவது எளிது. அதை மாடல் விமானத்துக்குப் பூசி, காய்ந்தபின் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால், ஈயம் இருக்கும்பட்சத்தில் அது தூசியாகக் குழந்தையின் கைக்கும் வாய்க்கும் போகும். குழந்தைகளுக்குப் பாதுகாப்பான ஈய அளவு என்று எதுவும் இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

"2023 டிசம்பரில் எண்ணூரில் எண்ணெயும் கொட்டியது, அம்மோனியாவும் கசிந்தது, இந்தச் சின்ன டப்பாவா எங்களைக் கெடுக்கப்போகிறது?" என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆலைகளைக் கண்காணிக்கும் பொறுப்பிலிருந்து அரசு தப்ப முடியாது. ஆனால் ஏற்கெனவே சுமை தாங்கும் நுரையீரலுக்கு இன்னும் சுமை ஏற்றுவது அதற்குப் பதிலாகாது. தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது. ஒற்றை அறை வீட்டில் அது தரையோடு படியும். பிள்ளை பாய் விரித்துப் படுப்பதும் அங்கேதான். அதே அறையில் கேஸ் அடுப்பு எரிந்தால் தீப்பிடிக்கும். துணி முகக்கவசமோ என்-95 கவசமோ இந்த ஆவியைத் தடுக்காது; கார்பன் வடிகட்டி பொருத்தியது வேண்டும். இதற்கு மாற்றான, தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயிண்ட் சரியாக ஒட்டாது என்பார்கள். பிளாஸ்டிக்கைச் சோப்பு நீரில் கழுவி உலர்த்தி, மெல்லிய பூச்சுகளாக அடித்தால் நன்றாகவே ஒட்டும். ஏர்பிரஷில் அடித்தால் மட்டும் அக்ரிலிக்குக்கும் மொட்டைமாடியோ திறந்த ஜன்னலோ தேவை.

தின்னரைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தின்னர் நுரையீரலுக்குள் போய்விடும். 108-ஐ அழைத்து, அந்த டப்பாவுடனே ஸ்டான்லி மருத்துவமனைக்கு விரையுங்கள். டெல்லி எய்ம்ஸின் நச்சுத் தகவல் மையம் 1800 116 117 என்ற எண்ணில் வழிகாட்டும். பொட்டலத்தில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் முகவரி, அதிகபட்ச விலை, புகார் எண் ஆகியவை இருக்க வேண்டும் என்பது சட்டம். குறைபாடுள்ள பொருளால் பாதிப்பு நேர்ந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் செய்யலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, 2 ஆண்டுகளுக்குள், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. அந்த வழக்கில் சாட்சியாக நிற்கப்போவது பில்லும் டப்பாவும்தான், இரண்டையும் பத்திரப்படுத்துங்கள்.