கலஹாரி: ஒளிந்திருக்கும் நீரைத் தேடி

ஆப்பிரிக்க சஃபாரி என்றதும் நம் மனத்தில் எழுவது செரெங்கெட்டியும் மசாய் மாராவும்தான். பச்சைப் புல்வெளி, ஆற்றைக் கடக்கும் ஆயிரக்கணக்கான விலங்குகள், அவற்றைச் சூழ்ந்து நிற்கும் வண்டிகள். கண்டத்தின் தெற்கே, கலஹாரி மணல்வெளியில் இருக்கும் கலகாடி எல்லைகடந்த பூங்கா இதற்கு நேர்மாறானது. இங்கே யானை கிடையாது, எருமை கிடையாது, காண்டாமிருகமும் கிடையாது. சிவந்த மணற்குன்றுகள், வறண்ட ஆற்றுப்படுகை, அங்கங்கே ஒரு முள்மரம் என்று பல மைல் தூரம் போய்க்கொண்டே இருக்கும். விலங்குகளை எண்ணிக் கணக்கு வைக்க வருபவர்களுக்கு இது ஏற்ற இடமில்லை. உயிர் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்புபவர்களுக்கோ இதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் அதிகம் இல்லை. மனத்தில் ஒரே ஒரு கேள்வியோடு போனால் போதும்: இந்த நிலத்தில் தண்ணீர் எங்கே இருக்கிறது?

எல்லையில் வேலியில்லாத பூங்கா

தென்னாப்பிரிக்காவின் வடகேப் மாநிலமும் போட்ஸ்வானாவின் தென்மேற்கு மூலையும் சந்திக்கும் இடத்தில், நமீபிய எல்லையை ஒட்டி இந்தப் பூங்கா இருக்கிறது. பரப்பு ஏறத்தாழ 38,000 சதுர கிலோமீட்டர், அதாவது கிட்டத்தட்டக் கேரளத்தின் அளவு. இதில் பெரும்பகுதி போட்ஸ்வானாவுக்குள் இருக்கிறது. தென்னாப்பிரிக்கா தன் பகுதியை 1931-இல் கலஹாரி ஜெம்ஸ்பாக் தேசியப் பூங்காவாக அறிவித்தது. ஜெம்ஸ்பாக், ஸ்பிரிங்பாக் மறிமான்கள் கட்டுப்பாடின்றி வேட்டையாடப்பட்டதே அதற்குக் காரணம். எல்லைக்கு அப்பால் போட்ஸ்வானாவும் ஒரு பூங்காவை வைத்திருந்தது. 1999-இல் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டு, 2000 மே மாதம் இரண்டையும் ஒரே பூங்காவாகத் திறந்தன. ஆப்பிரிக்காவில் முறையாக அறிவிக்கப்பட்ட முதல் எல்லைகடந்த பூங்கா இதுதான்.

ஆண்டு மழை தென்மேற்கில் சுமார் 150 மில்லிமீட்டர், வடகிழக்கில் சுமார் 350. சென்னையில் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் வறட்சி புரியும். அந்த மழையும் சீராகப் பெய்வதில்லை. ஓரிடத்தில் கொட்டும்; பத்து மைல் தள்ளி ஒரு துளிகூட விழாது. கோடைப் பகலில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். குளிர்கால இரவில் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். மணல் துகள்களின் மேல் மெல்லிய இரும்பு ஆக்சைடு படிந்திருப்பதால்தான் குன்றுகளுக்கு அந்தச் சிவப்பு நிறம்.

பூங்காவில் இரண்டு ஆறுகள் உண்டு. ஆவோப், நோசோப் என்று பெயர். நல்ல மழை பெய்த அபூர்வமான ஆண்டுகளில் ஆவோப்பில் சிறிது காலம் நீர் ஓடும். நோசோப்பில் ஓடுவது அதைவிட அபூர்வம். 1934-இல் இரண்டிலும் வெள்ளம் வந்தது. அந்த ஈரத்தில் கொசு பெருகி மலேரியா பரவியது. பூங்காவின் முதல் காவலர் யோஹானஸ் லெ ரிஷும் அவருடைய உதவியாளரும் அதற்குப் பலியானார்கள். பாலைநிலத்துக்குக் காவலராக வந்தவரின் உயிரை வெள்ளத்தின் பின்வந்த நோய் பறித்தது. அவருக்குப் பின் அவர் தம்பி பொறுப்பேற்று 1970 வரை பூங்காவைக் காத்தார்.

காயிலும் வேரிலும் நீர்

மழைக்காலம் முடிந்ததும் மணலில் படரும் ஒரு கொடியில் பந்து பந்தாகக் காய்கள் கிடக்கும். சம்மா என்று பெயர். தர்பூசணியின் காட்டு உறவு. நம் ஊர் மணற்பாங்கில் படரும் தும்மட்டிக்கும் இனம். இதன் எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் தண்ணீர். ஜெம்ஸ்பாக் இதைத் தின்னும். கொறிவிலங்குகள் தின்னும். வியப்பு என்னவென்றால், பழுப்புக் கழுதைப்புலியும் தின்னும். 1970-களில் தொடங்கிப் பல ஆண்டுகள் இந்த விலங்கைப் பின்தொடர்ந்து ஆராய்ந்த கஸ் மில்ஸ், பிணந்தின்னியாக மட்டும் அறியப்பட்ட அது இரவில் தனியாக அலைந்து சம்மாக் காயையும் கடித்துச் சாறுண்பதைப் பதிவு செய்திருக்கிறார். இந்நிலத்தின் தொல்குடிகளான சான் மக்களும், மேற்பரப்பில் நீரே இல்லாத மாதங்களில் சம்மாவை நம்பித்தான் வாழ்ந்தார்கள்.

மரங்கள் வேறு வழியில் நீரைப் பிடிக்கின்றன. வெளிறிய தண்டும் குடை போன்ற கிளைகளும் கொண்ட மேய்ப்பர் மரம் நம் மாவிலங்கத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. கலஹாரியில் ஆழ்துளைக் கிணறு தோண்டியபோது இதன் வேர் 68 மீட்டர் ஆழத்தில் கிடைத்தது. இதுவரை பதிவான மிக ஆழமான வேர்களில் ஒன்று அது. நிலத்தடி நீரை அவ்வளவு தூரத்திலிருந்து மேலே கொண்டுவரும் அந்த மரத்தின் நிழல், நண்பகலில் சிங்கத்துக்கும் சிறுத்தைக்கும் மறிமானுக்கும் பொதுச்சொத்து. கலகாடியில் விலங்கு தேடுபவர்கள் பகலில் முதலில் பார்க்க வேண்டியது மர நிழலைத்தான்.

ஜெம்ஸ்பாக்கின் கணக்கு

பூங்காவின் அடையாளமே ஜெம்ஸ்பாக்தான். சாம்பல் உடல், முகத்தில் கறுப்பு வெள்ளைப் பட்டை, ஈட்டி போல நேராக நீளும் இரண்டு கொம்புகள். பெட்டைக்கும் கொம்பு உண்டு. குடிநீர் கிடைத்தால் குடிக்கும். கிடைக்காவிட்டால் மாதக்கணக்கில் குடிக்காமலே வாழும். எப்படி?

ஜெம்ஸ்பாக் சேர்ந்திருக்கும் ஓரிக்ஸ் இனத்தைப் பற்றி 1960-களில் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆய்வு செய்த ரிச்சர்ட் டெய்லர் இரண்டு விடைகளைச் சொன்னார். முதலாவது இரவு மேய்ச்சல். பகலில் கைபட்டால் நொறுங்கும் சில செடிகளின் இலைகள், இரவின் ஈரக்காற்றிலிருந்து நீரை உறிஞ்சிக்கொள்கின்றன. இரவில் மேயும் விலங்குக்கு அந்த ஈரமும் சேர்ந்து கிடைக்கிறது. இரண்டாவது உடல் வெப்பம். வெப்ப அறையில் நீரின்றி நிறுத்தப்பட்ட ஓரிக்ஸ் வியர்த்துக் குளிர்வதற்குப் பதிலாகத் தன் உடல் வெப்பத்தையே உயரவிட்டது. வியர்வையாகப் போயிருக்க வேண்டிய நீர் உடலிலேயே தங்கியது.

அவ்வளவு சூட்டில் மூளை என்ன ஆகும்? ஓரிக்ஸுக்கு மூளையின் அடியில் நுண்ணிய தமனிகளாலான ஒரு வலை இருக்கிறது. மூக்கின் ஈரத்தில் குளிர்ந்து திரும்பும் சிரை ரத்தம் அந்த வலையைச் சூழ்ந்து நிற்க, மூளைக்குப் போகும் ரத்தம் வழியிலேயே சற்றுக் குளிர்கிறது. மூளையைக் காக்கும் கவசம் இது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. பிற்பாடு தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள், திறந்தவெளியில் சுதந்திரமாகத் திரியும் ஜெம்ஸ்பாக்குகளின் உடலில் சிறு பதிவுக் கருவிகளைப் பொருத்திப் பார்த்தார்கள். ஆய்வறையில் கண்ட அளவு வெப்ப உயர்வு அங்கே இல்லை. நிழல் தேடவும், நிற்கும் திசையை மாற்றவும், இரவில் மேயவும் அதற்கு வழியிருந்தது. தமனி வலையைப் பற்றியும் புதிய விளக்கம் உருவானது. வியர்க்கவும் மூச்சிரைக்கவும் கட்டளையிடும் மையம் மூளைக்குள் இருக்கிறது. மூளை சற்றுக் குளிர்ந்திருந்தால் அந்தக் கட்டளை தாமதமாகிறது; உடல் நீரை இழப்பது குறைகிறது. ஆக, மூளையைக் குளிரவைப்பதன் பெரிய பயன் நீர்ச்சேமிப்பே. ஆய்வறையில் கிடைத்த விடையைக் காடு திருத்தி எழுதிய நல்ல எடுத்துக்காட்டு இது.

இறகில் சுமந்த நீர்

காலையில் வெயில் ஏறியபின் நீர்க்குழிகளின் அருகே காத்திருந்தால் நமாக்வா கல்கௌதாரிகள் கூட்டமாக வந்து இறங்கும். இவற்றின் குஞ்சுகள் பிறந்தவுடனே உலர்ந்த விதைகளைத் தின்னத் தொடங்கிவிடும். விதையில் நீர் இல்லை. குஞ்சுகளுக்குப் பறக்கவும் தெரியாது. கூடோ நீர்நிலையிலிருந்து 20, 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம்.

ஆண் பறவை முதலில் தன் வயிற்றை உலர்ந்த மணலில் தேய்த்துக்கொள்கிறது. பிறகு நீரில் அமர்ந்து உடலை அசைத்து இறகுகளை நனைக்கிறது. நனைந்த வயிற்றோடு கூட்டுக்குப் பறக்கிறது. குஞ்சுகள் அதன் அடியில் புகுந்து இறகுகளை அலகால் உருவி நீர் அருந்துகின்றன. 1896-இல் இங்கிலாந்தில் கூண்டுப் பறவைகளிடம் மீட்-வால்டோ என்பவர் இதைக் கண்டு எழுதியபோது பலர் நம்பவில்லை. காட்டில் இதை உறுதி செய்த ஆய்வு 1960-களில் இதே கலஹாரிப் பூங்காவில்தான் நடந்தது. 1967-இல் கேடும் மக்லீனும் அதை வெளியிட்டார்கள். ஒரு பறவை சுமார் 25 மில்லிலிட்டர் நீரைச் சுமக்க முடியும். 2023-இல் அமெரிக்கப் பொறியியலாளர்கள் மின்னணு நுண்ணோக்கியில் அந்த இறகை ஆராய்ந்தார்கள். உலர்ந்திருக்கும்போது சுருண்டு கிடக்கும் நுண்ணிழைகள் நனைந்ததும் அவிழ்ந்து நிமிர்ந்து, அடர்ந்த இழைக்கூட்டமாகி நீரைப் பிடித்துக்கொள்கின்றன. நீரைச் சிந்தாமல் கொண்டுசெல்லும் கலன்களை வடிவமைக்க இது வழிகாட்டலாம் என்று அவர்கள் கருதுகிறார்கள்.

போகிறவர்களுக்கு

அருகிலுள்ள விமான நிலையம் அப்பிங்டன். அங்கிருந்து சாலை வழியே சுமார் 250 கிலோமீட்டரில் ட்வீ ரிவீரன் நுழைவாயில். பூங்காவின் முக்கியப் பாதைகள் வறண்ட ஆற்றுப்படுகைகளை ஒட்டியே போகின்றன. படுகையின் மண்ணில் சத்து அதிகம். மழைக்குப் பின் நல்ல புல் அங்கேதான் முளைக்கும். விலங்குகளும் அங்கேதான் கூடும். பிப்ரவரி முதல் மே வரை நல்ல பருவம். மணலில் சிக்காமலிருக்க டயர் காற்றைக் குறைத்து மெதுவாக ஓட்ட வேண்டும். அனுமதிக்கப்பட்ட இடங்கள் தவிர வேறெங்கும் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. பெரும்பாலான இடங்களில் கைப்பேசிச் சிக்னல் கிடையாது. குடிநீரையும் எரிபொருளையும் கணக்கிட்டு எடுத்துச் செல்ல வேண்டும்.

சாலையோரத்து நீர்க்குழிகள் இயற்கையானவை அல்ல என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. 1914-இல், ஜெர்மானியர் வசமிருந்த தென்மேற்கு ஆப்பிரிக்காவின் மீது படையெடுக்க நேரலாம் என்று ஆவோப் படுகையில் ஆழ்துளைக் கிணறுகள் தோண்டப்பட்டன. போருக்காகத் தோண்டிய கிணறுகளின் வரிசையில்தான் இன்றும் விலங்குகள் நீர் அருந்துகின்றன. காற்றாலைகள் இருந்த இடங்களில் இப்போது பெரும்பாலும் சூரிய மின் பம்புகள்.

நிலத்தின் அகலம்

கிணறு மட்டும் இந்நிலத்தைக் காத்துவிடாது. எங்கே மழை பெய்கிறதோ அங்கே நடந்து போய்ச் சேர்வதுதான் கலஹாரி விலங்குகளின் அடிப்படை உத்தி. அந்த வழி அடைபட்டால் மற்ற தகவமைப்புகள் எதுவும் உதவாது. 1980-களின் வறட்சியில் மத்திய போட்ஸ்வானாவில் இது கொடூரமாக நிரூபணமானது. மாட்டிறைச்சி ஏற்றுமதிக்காகக் கோமாரி நோயைத் தடுக்கப் போடப்பட்டிருந்த வேலிகள், நீரை நோக்கி நடந்த வில்டபீஸ்ட் மறிமான் மந்தைகளை மறித்தன. அவை பல்லாயிரக்கணக்கில் மடிந்தன. நிலத்தைச் சுற்றிக் கோடு போட்டபோது மனிதர்களும் இழந்தார்கள். பூங்காவிலிருந்து படிப்படியாக வெளியேற்றப்பட்ட கோமானி சான் மக்களின் நில உரிமை 1999-இல் ஏற்கப்பட்டு, 2002-இல் பூங்காவுக்குள்ளேயே அவர்களுக்கு நிலம் திருப்பித் தரப்பட்டது. அவர்களுடைய வாழ்நிலம் 2017-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

நோசோப் படுகையில் இரு நாடுகளின் எல்லை ஓடுகிறது. அங்கே வேலி இல்லை. ஜெம்ஸ்பாக்கும் சிங்கமும் அந்த எல்லையை நாள்தோறும் கடக்கின்றன. வறண்ட நிலத்தில் பரப்பைக் குறைப்பதும் தண்ணீரை நிறுத்துவதும் ஒன்றே. கலஹாரியைக் காக்க நினைப்பவர்கள் கிணறுகளை எண்ணுவதற்கு முன், விலங்குகள் தடையின்றி நடக்க எவ்வளவு நிலம் எஞ்சியிருக்கிறது என்று கேட்க வேண்டும். பருவமழை ஆண்டுக்காண்டு தடம் மாறும் இந்தக் காலத்தில், உலகின் எல்லா வறண்ட காடுகளுக்கும் பொருந்தும் கேள்வி அது.