யந்திரம் யாருடையது?

இரண்டாவது உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் ஆகாயப் படையின் 234, 264 ஆகிய இரண்டு அணிகள் 'சென்னை ராஜதானி' என்ற பெயரைத் தாங்கிப் போரிட்டன. சங்கரன்கோவில் தாலுகாவும் அன்று அதிலிருந்த இந்தச் சிவகிரியும் அந்த ராஜதானியில் அடங்கியவையே. பெயர் நம்முடையது, விமானமும் யந்திரமும் அவர்களுடையவை.

1940-ல் 234-வது அணி ஸ்பிட்பயர் விமானத்தையும், 264-வது அணி டிபையன்ட் விமானத்தையும் ஓட்டின. இரண்டுக்கும் உள்ளிருந்தது ஒரே யந்திரம்: ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனியின் மெர்லின், சுமார் 1,030 குதிரை சக்தி. ஸ்பிட்பயர் மணிக்குச் சுமார் 350 மைல் பறந்தது. சுழலும் துப்பாக்கிக் கூண்டையும் இரண்டாவது மனிதனையும் சுமந்த டிபையன்டுக்கு 300 மைலைத் தாண்டுவதே பெரும்பாடு. அவ்வருஷம் ஆகஸ்டு முடிவில் 264-வது அணி பெருநஷ்டமடைந்து பகற்போரினின்று விலக்கப்பட்டது. வில்வண்டியில் ஓடும் காளை பாரவண்டியில் நடக்கத்தானே செய்யும்?

இனி, யந்திரம் வளர்ந்த கதையைப் பார்ப்போம். கிணற்றில் ஆயில் என்ஜின் வைத்திருக்கும் நமது விவசாயிக்கும் இது விளங்கும். எண்ணெய் எரியக் காற்று வேண்டும். 20,000 அடி உயரத்திலோ காற்றின் அடர்த்தி தரையிலுள்ளதில் ஏறக்குறையப் பாதிதான். அங்கே யந்திரத்துக்கு மூச்சு முட்டுகிறது. எனவே காற்றை இரண்டு கட்டங்களாக அமுக்கி ஊட்டும் சாதனத்தை மெர்லினில் பொருத்தினார்கள். 1942-ல் வந்த ஒன்பதாம் மாதிரி ஸ்பிட்பயர் 1,500-க்கு மேற்பட்ட குதிரை சக்தியும், 400 மைலுக்கு மேற்பட்ட வேகமும் பெற்றது. யந்திரம் சொந்தமாயிருந்ததால் யுத்தத்தின் நடுவிலேயே அதைத் திருத்த முடிந்தது.

நம் தேசத்தின் அனுபவம் என்ன? ஜர்மன் நிபுணர் குர்ட் டாங்க் தலைமையில் பெங்களூரில் உருவான 'மாருத்' விமானம் 1961 ஜூன் 17-ல் முதன்முதல் பறந்தது. ஒலியைவிட இருமடங்கு வேகம் அதன் லட்சியம். அதற்கென நினைத்திருந்த ஆற்றல் மிக்க ஆர்பியஸ் யந்திரத்தை பிரிட்டிஷார் பூர்த்தி செய்யவில்லை. அபிவிருத்திச் செலவை ஏற்க நமது சர்க்காரும் முன்வரவில்லை. எகிப்திய யந்திரத்தோடு செய்த பரீட்சையும் பலிக்கவில்லை. சக்தி குறைந்த இரண்டு ஆர்பியஸ்களோடு மாருத் ஒலியின் வேகத்தையொட்டியே நின்றுவிட்டது. 1971 யுத்தத்தில் தரைத் தாக்குதலில் அது நற்பெயர் பெற்றது. அப்பெருமை விமானிகளையும் உடலைச் செய்தவர்களையும் சாரும். குறை யந்திரத்தினுடையது.

பாடம் கற்றோமா? 1989-ல் 'காவேரி' யந்திரத் திட்டம் மஞ்சூராயிற்று. எதிர்பார்த்த உந்துசக்தி கிட்டாமல், எடையும் மிகுந்து, 2008-ல் அது தேஜஸ் விமானத்தினின்று பிரிக்கப்பட்டது. 2018-ல் கோயம்புத்தூரை அடுத்த சூலூருக்கு வந்த தேஜஸ் அணியும் அமெரிக்க யந்திரத்தால்தான் பறந்தது. 2021-ல் 83 புதிய தேஜஸ்களுக்கு ஒப்பந்தமாயிற்று. அவற்றுக்கான முதல் யந்திரம் நெடுந்தாமதத்திற்குப் பின் 2025 மார்ச்சில்தான் வந்தது.

"விலைக்கு வாங்கினாலென்ன?" என்று கேட்கும் கனவான்களுக்கு மேற்கண்ட தேதிகளே போதிய சாட்சியம். விற்பவன் தாமதித்தால் நமது விமானம் கொட்டகையில் காத்திருக்கும். மறுத்தால் அங்கேயே கிடக்கும். யந்திரம் செய்வது கடினம். சூட்டைத் தாங்கும் உலோகக் கலவையும், பல்லாண்டுப் பரீட்சையும், தோல்வியைப் பொறுக்கும் மனமும், முக்கியமாகப் பணமும் வேண்டும். மாருத் காலத்தில் அந்தப் பணத்தை மிச்சப்படுத்தினோம். அந்தச் சிக்கனத்துக்கு இன்றும் வட்டி கட்டுகிறோம். காவேரியில் விழுந்த முதலை வீணென்று எழுதிவிடாமல், அது கற்பித்ததை மூலதனமாகக் கொண்டு முயற்சியைத் தொடர்வதே விவேகம். அன்று அயலார் அணிக்கு நம் பெயர் கொடுத்தோம். இன்று நம் பெயர் தாங்கும் விமானத்துக்கு நமது யந்திரத்தையே கொடுக்கவேண்டும்.