பழவேற்காட்டில் புகுந்த அந்நியச் சிப்பி

பழைய சித்தூர் மாவட்ட மலைகளில் தோன்றும் ஆரணியாறு பழவேற்காட்டு உவர்நீர் ஏரியைச் சேர்கிறது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில், 2022-இல் அமைந்த திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. அதன் தென்பகுதியிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் மீனவர் ‘காக்கா ஆழி’ என்றழைக்கும் கரிய சிறு சிப்பியொன்று இப்போது பரவியுள்ளது.

விஞ்ஞானிகள் இதனை மைடெல்லா ஸ்ட்ரைகேட்டா என்பர். தாயகம் அமெரிக்கக் கண்டங்களின் வெப்பமண்டலக் கரைகள். 1986-இல் புளோரிடாவிலும், 2014-இல் பிலிப்பைன்ஸிலும் காணப்பட்ட இது, 2019-இல் கேரளக் காயல்களில் இருப்பதாக அறிவிக்கப்பட்டது. கப்பலின் அடிப்புறத்தில் ஒட்டியோ, கப்பல் நிலைபெற ஏற்றும் நீரில் மிதக்கும் இளம்பருவமாகவோ வந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது.

பழவேற்காட்டு நீர் மழைக்காலத்தில் ஏறக்குறைய நன்னீராகவும், கோடையில் கடலினும் உவர்ப்பாகவும் மாறுவது. பல கடற்பிராணிகளுக்கு இதுவே ஒரு வேலி. ஆயிரத்தில் 2 பங்கு முதல் 40 பங்கு வரை உப்பைத் தாங்கும் இச்சிப்பிக்கோ அது வேலியாகவில்லை. அரை அங்குலம் வளர்ந்ததும் இனப்பெருக்கத்திற்குத் தகுதி பெறுகிறது. உணவு குன்றியபோது பெண் சிப்பிகள் ஆணாக மாறியதும் ஆய்வில் கண்டதுண்டு.

தன் நூலிழைகளால் ஒன்றோடொன்று பிணைந்து, சேற்றின்மீது கம்பளம்போல் படர்வதே இதன் பெருந்தீங்கு. இறால் புதைந்து வாழ இடமின்றிப் போகிறது. மட்டிகள் மூச்சுமுட்டி மடிகின்றன. நீரில் அமர்ந்து கையால் துழாவி இறால் பிடிக்கும் ஏழை மக்களுக்குச் சேறுதான் வயல். அவ்வயலே மூடப்பட்டுவிட்டது! வலையில் சிக்கும் கொத்துகளை மீண்டும் நீரில் எறிதல் கூடாது. பிரிந்தவை புதிய இழை சுரந்து வேறிடத்தில் பற்றிக்கொள்ளும். அவற்றைக் கரைசேர்த்து, நீரெட்டாத தொலைவில் உலரவிட வேண்டும்.