கிணற்று நீரும் பிளீச்சிங் தூளும்

மழைக்காலத்தில் கிராமக் கிணறுகளில் பிளீச்சிங் தூள் இடப்படுவதை நாம் அறிவோம். ஆனால், தூளை நேராகக் கிணற்றில் கொட்டுவது முறையன்று. நோய்க்கிருமிகளை அழிப்பது அதிலுள்ள குளோரினே. நல்ல தூளில் இது ஏறத்தாழ 33 சதவீதம். உடனிருக்கும் சுண்ணாம்போ எளிதில் கரையாது. நீரின் கடினத்தன்மையையும் கூட்டும்.

எனவே, தூளை வாளியில் சிறிது நீர் விட்டுக் குழைத்து, மேலும் நீர் சேர்த்துக் கலக்கி, 5 முதல் 10 நிமிடங்கள் தெளியவிட வேண்டும். தெளிந்த நீரை மட்டும் வேறு வாளியில் இறுத்து, கிணற்றினுள் இறக்கி, மேலும் கீழுமாக அசைத்துக் கலக்க வேண்டும். சாதாரணமாக 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் தூள் தேவை. 4 மீட்டர் விட்டமும் 5 மீட்டர் நீராழமும் உள்ள வட்டக் கிணற்றில் சுமார் 62,800 லிட்டர் நீர் இருக்கும். அதற்கு 157 கிராம் போதும்.

குளோரின் செயற்பட ஒரு மணி நேரம் விடவேண்டும். அதன்பின் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.5 மில்லிகிராமுக்குக் குறைந்திருப்பின், மீண்டும் மருந்திடுதல் அவசியம்.

ஈரம், வெப்பம், வெளிச்சம் ஆகியவற்றால் தூள் வீரியம் இழக்கும். இருப்புப் பதிவேட்டில் மூட்டைகளின் எண்ணிக்கை சரியாகவே இருக்கும். காலராவைத் தடுக்கும் ஆற்றல்தான் அவற்றில் இராது. ஆகவே, தூளின் அளவைப் போலவே அதன் வீரியத்தையும் சோதித்தறிவது அலுவலரின் கடமையாகும்.