முப்பத்தாறாம் வயதில் வந்த அழைப்பு

தன் வாழ்க்கையை இனி இன்னவாறுதான் நடத்துவது என்று தீர்மானித்து அமர்ந்துவிட்ட ஒருவரை, ஊரார் திரண்டு வந்து, "நீர் எங்களுக்கு வேண்டும்" என்று கைப்பிடியாகப் பிடித்தால் அவர் என்ன செய்வார்? நம் சங்கங்களிலும் வேண்டாமென்று ஒதுங்குபவரைத் தலைவர் நாற்காலியில் அமர்த்துவது உண்டு. ஆயினும், 391ஆம் ஆண்டில் வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரில் நடந்ததற்கு அது ஈடாகாது.

அகுஸ்தீனார் 354இல் தகாஸ்தே என்னும் சிற்றூரில், சொற்ப நிலமுடைய ஒரு குடும்பத்தில் பிறந்தவர். சொற்கலை ஆசிரியராகிக் கார்த்தேஜிலும் ரோமாபுரியிலும் மிலான் நகரிலும் புகழ் பெற்றார். மிலானில் மேற்றிராணியார் அம்புரோசியாரின் பிரசங்கங்களைக் கேட்டு, 387இல் அவர் கையால் ஞானஸ்நானம் பெற்றார். மறு ஆண்டு சொந்த ஊருக்குத் திரும்பி, தந்தை வழி வந்த நிலத்தில் நண்பர் சிலருடன் ஜெபத்திலும் படிப்பிலும் காலங்கழித்தார். தாயார் வழியிலேயே இறந்திருந்தார். ஒரே மகனும் ஊர் வந்த சில ஆண்டுகளில் மறைந்தான். அவர் விரும்பியது அமைதி ஒன்றே.

அக்காலத்தில் மேற்றிராணியாரைத் தெரிந்தெடுப்பதில் பொதுமக்களின் கூக்குரலுக்கு மிகுந்த வலிமை உண்டு. படித்தவர் எவரேனும் கண்ணில் பட்டால், விருப்பமறியாமலேயே பிடித்துவிடுவார்கள். இதை அறிந்த அகுஸ்தீனார், மேற்றிராணியார் பதவி காலியாக இருந்த ஊர்ப்பக்கமே போவதில்லை. ஹிப்போவில் வலேரியுஸ் என்பவர் அப்பதவியில் இருந்தமையால், ஒரு நண்பரைக் காண அங்கு அச்சமின்றிச் சென்றார். கணக்குத் தப்பிவிட்டது!

வலேரியுஸ் கிரேக்க நாட்டவர். மக்கள் பேசிய இலத்தீன் அவருக்குச் சரளமாக வராது. தமக்குத் துணையாக ஒரு குரு தேவை என்று அவர் கோவிலில் எடுத்துரைத்ததும், கூட்டத்தில் நின்றிருந்த அகுஸ்தீனாரைப் பிடித்து முன்னே கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். அவர் தேம்பி அழுதார். குரு பட்டம் போதாது, மேற்றிராணியார் பதவியே வேண்டுமென்று அழுகிறார் என எண்ணிச் சிலர் அவருக்கு ஆறுதல் கூறினராம்! மனிதர் கண்ணீரை மனிதர் படித்தறியும் விதம் இவ்வளவுதான்.

பட்டம் பெற்றபின் அவர் செய்த முதற்காரியங்களுள் ஒன்று, விடுமுறை கேட்டு வலேரியுசுக்குக் கடிதம் எழுதியது. பாவு ஓடத் தெரியாதவனைத் தறிக்குழியில் இறக்கினால் நூலும் பாழ், துணியும் பாழ். பேரறிஞரென்று பெயர் வாங்கியவர், பிறரை நடத்தும் அளவுக்கு வேதாகமத்தைத் தாம் கற்கவில்லை என்று ஒப்புக்கொண்டு, பாஸ்குத் திருநாள் வரையிலாவது அவகாசம் வேண்டுமென்று மன்றாடினார். நாற்பதை நெருங்கும் வயதில், எல்லாரும் புகழும் வேளையில், "எனக்குத் தெரியாது" என்று எழுதிக் கொடுப்பது எளிதன்று.

வலேரியுஸ் மடம் அமைக்க ஒரு தோட்டத்தை அளித்தார்; ஆப்பிரிக்க வழக்கத்துக்கு மாறாகத் தம் முன்னிலையிலேயே பிரசங்கிக்கவும் விட்டார். வேறு ஊரார் இவரைக் கவர்ந்து சென்றுவிடுவரோ என்றஞ்சி, தாம் உயிரோடிருக்கையிலேயே துணை மேற்றிராணியாராகவும் ஆக்கினார். ஓர் ஊருக்கு இருவர் ஆகாதென்று 325ஆம் ஆண்டின் நிசேயா சங்கம் விதித்திருந்ததை அன்று இருவரும் அறியார். 426இல் தமக்குப் பின் வருபவரைத் தெரிந்தெடுத்தபோது, அகுஸ்தீனார் அப்பிழையைத் திருப்பிச் செய்யவில்லை. தம் காலம் முடியும்வரை அவர் குருவாகவே இருக்கட்டும் என்றார்.

அந்த அமைதி அவருக்குத் திரும்பக் கிட்டவேயில்லை. பங்காளிகளின் சொத்து வழக்குகளைக் கேட்டுத் தீர்ப்பதிலேயே பல நாள் கழிந்தது.

411ஆம் ஆண்டையொட்டி, பினியானுஸ் என்ற பெருஞ்செல்வர் ஹிப்போவுக்கு வந்தார். கோவிலில் அதே கூச்சல் எழுந்தது: "இவரைக் குருவாக்குக!" இம்முறை பீடத்தருகே நின்றவர் அகுஸ்தீனார். விருப்பமின்றிப் பட்டம் தருவதில்லை என்று அவருக்கு வாக்களித்திருக்கிறேன். மீறி அவரைக் குருவாக்கினால் நான் உங்கள் மேற்றிராணியாராக இரேன் என்று கூட்டத்துக்கு அறிவித்தார். மக்கள் கொதித்தனர், வசைமொழிகளும் கிளம்பின. ஹிப்போவிலேயே தங்குவதாகப் பினியானுஸ் ஆணையிட்ட பின்னரே கூச்சல் அடங்கியது. அன்று அவருக்குப் பட்டம் அளிக்கப்படவில்லை.