சுவரில் பூக்கும் உப்பு

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டு வந்த நம்மில் பலர், வாழ்நாட் சேமிப்பையெல்லாம் கொண்டு ஒரு சிறு வீடு எழுப்புகிறோம். பாலக்காட்டிலாயினும் இடுக்கி மலைச் சரிவிலாயினும், மழைக்காலம் கழிந்ததும் அவ்வீட்டுச் சுவரில் வெண்மை படரக் கண்டு மனம் சோர்கிறோம். "நிலக்கரிச் சாம்பல் கலந்த சிமெண்டால் வந்த வினை" என்று பழி கூறுகிறோம். இப்பழி பொருந்துமா என்று பார்ப்போம்.

இடுக்கி மாவட்டத்தில் நின்று வைகைப் படுகைக்கு நீர் தரும் முல்லைப் பெரியாறு அணையை நாம் அறிவோம். 1887-ல் தொடங்கி 1895-ல் பென்னிகுயிக் முடித்த அவ்வணைக்குப் பயன்பட்டது சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த சாந்து. சுர்க்கி என்பது சுட்ட செங்கற்பொடி. வெறும் சுண்ணாம்பு நீருக்குள் இறுகாது. சுட்ட மண்ணிலுள்ள சிலிக்கா அதனோடு கூடும்போது கரையாத பிணைப்பு உண்டாகிறது. அனல் மின் நிலையங்களில் புகையோடு பறக்கும் நுண்சாம்பலும் இதே தொழிலைச் செய்கிறது. 1962-ல் முடிந்த ரிஹந்து அணையின் கான்கிரீட்டில் அச்சாம்பல் சேர்க்கப்பட்டது.

இனி வெண்மையின் காரணத்தைக் காண்போம். பிணைப்பில் சேராது எஞ்சிய சுண்ணாம்பைக் கசியும் நீர் கரைத்து வெளியே கொணர்கிறது. அது காற்றிலுள்ள கரியமிலவாயுவோடு கூடி வெண்படலமாகிறது. பெரியாற்று அணையிலும் கசிவோடு சுண்ணாம்பு வெளியேறியதுண்டு. 1930-களில் அதனுள் சிமெண்டுக் குழம்பு செலுத்தப்பட்டது. 1979-க்குப் பின் கான்கிரீட்டும் எஃகு வடங்களும் கொண்டு அது வலுப்படுத்தப்பட்டது.

சாம்பல் அந்த எஞ்சிய சுண்ணாம்பை உட்கொள்வதால், வெண்மை குறையவே வேண்டும். ஆனால் அதன் வினை மெதுவானது, ஈரமின்றி நடவாது. சாதாரணச் சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாளும், சாம்பற் கலப்புச் சிமெண்டுக்கு 10 நாளும் ஈரம் காக்குமாறு 2000-ல் வெளியான இந்தியக் கான்கிரீட்டு விதி கூறியது. வெயில் மிகுந்த வறண்ட காலத்தில் இவை 10, 14 நாட்களாகும். கூலிக்கு அஞ்சி மூன்றாம் நாளே நீர் தெளிப்பதை நிறுத்தினால் குற்றம் சாம்பலுடையதன்று.

சிமெண்டே சேராது, சாம்பலைச் சோடியக் காரத்தால் இறுக்கும் புதுமுறையும் உண்டு. அதில் காரம் மிகுந்தால், எஞ்சிய சோடியம் வெளிவந்து சோடா உப்பாகப் பூக்கிறது. மேலே பூப்பது பெரும்பாலும் அழகைக் கெடுக்கும். உள்துளைகளில் உறைவதோ காரையை உதிர்க்கும்.

வெண்மை கண்டால் ஈரத்துணியால் துடைத்துப் பார்ப்போம். கரைந்தால் அது சோடா போன்ற உப்பு. கரையாது ஒட்டிநின்றால் பெரும்பாலும் சுண்ணாம்புப் படலம். எதுவாயினும் அதைச் சுமந்து வந்தது நீரே. மேலே வண்ணம் பூசி மறைப்பதால் பயனில்லை. கூரை ஒழுக்கையும் அடித்தளத்து ஓதத்தையும் முதலில் அடைப்போம்; சுவர் நன்கு உலர்ந்த பின்னரே பூச்சுக்குச் செலவிடுவோம்.